இருபது அடி இடம்

"இது என்னம்மா கூத்து?" தொழில் அலுவலகத்து அதிகாரியம்மா விண்ணப்பத்தை மேசைமேல் விரித்தார். "மிஷின் ஒண்ணு. அதை வைக்கிற இடம் மட்டும் பத்தா?"

பை தைக்கும் பட்டறைக்காரர்கள் பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்துப் பட்டறை ஒன்றாகச் சேர்ந்து கேட்டால், துணி வெட்டும் பெரிய இயந்திரத்தை அரசாங்கமே வாங்கித் தரும் என்பது திட்டம். சேர்ந்துதான் கேட்டார்கள். ஆனால் படிவம் கைமாறிக் கைமாறிப் போனபோது, 'எங்கே நிறுவப்படும்?' என்ற கட்டத்தில் ஆளாளுக்குத் தங்கள் விலாசத்தையே எழுதி வைத்திருந்தார்கள்.

"முதல்ல எழுதினது நீங்கதானே அக்கா? உங்களப் பாத்துத்தான் எல்லாரும் எழுதினோம்," என்றாள் சின்னவள்.

"நான் கெணத்துல குதிச்சா நீயும் குதிப்பியா?" என்றாள் பெரியவள்.

இருவரும் ஓரகத்திகள். ஒரே கொட்டகையில் தைத்தவர்கள். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஆர்டருக்காக முறைத்துக்கொண்டு நடுவில் சுவர் எழுப்பினார்கள். அன்றிலிருந்து பேச்சென்றால் குத்தல்தான்.

பெரியவளுக்கு இது வாழ்வா சாவா என்கிற விஷயம். கத்தரி பிடித்தே வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. இனிக் கத்தரியைத் தொட்டால் கை விளங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இயந்திரம் வராவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. ஏழு தையல்காரிகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"கடைசி நாள் என்னிக்கு மேடம்?"

"இன்னைக்குத்தான். அஞ்சு மணிக்கு மூடிடுவோம், இப்பவே நாலரை. அது போக, மிஷினுக்கு இருபது அடி நீளம் வேணும். யார்கிட்ட இருக்கு?"

எவர் பட்டறையும் பன்னிரண்டு அடியைத் தாண்டாது.

சின்னவள் பெரியவளின் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் சுற்றிய துணி அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க பக்கம் பன்னிரண்டு, என் பக்கம் பன்னிரண்டு."

"நடுவுல சுவர் இருக்கேடி."

"கட்டத் தெரிஞ்சவங்களுக்கு இடிக்கத் தெரியாதா?"

பெரியவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

"மத்தவங்க என்ன சொல்றீங்க?" என்றார் அதிகாரியம்மா.

"இவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனதே அதிசயம் மேடம். மனசு மாறுறதுக்குள்ள எழுதிக்குங்க," என்றார் ஒரு பட்டறைக்காரர்.

அதிகாரியம்மா புதுப் படிவம் எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். ஐந்து மணிக்குப் பியூன் சாவியோடு வந்து நின்றார்.

"செத்த இருங்க. இன்னும் ரெண்டு கையெழுத்து," என்றார் அதிகாரியம்மா.

மூன்றாம் மாதம் இயந்திரம் வந்து இறங்கியது. இடித்த சுவரின் தடம் தரையில் தெரிய, அதன்மேல் குறுக்காக நின்றது. பெரியவள் இடது கையால் பொத்தானை அழுத்தினாள். நூறு மடிப்புத் துணி ஒரே இழுப்பில் வெட்டுப்பட்டது.

"அந்த அதிகாரியம்மா நல்லா இருக்கணும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கு எப்படிடி நன்றி சொல்லுவேன்?"

"ஒண்ணும் வேணாம். சுவர் வச்சப்ப ஜன்னல் ரெண்டும் உங்க பக்கமே போயிடுச்சு. ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் எனக்குக் காத்து வருது."