மூன்று மணி தரிசனம்

தத்துவ மாநாடு நடத்தத் திருப்பதியைப் போல வசதியான ஊர் கிடையாது. எவ்வளவு பெரிய பேராசிரியரைக் கூப்பிட்டாலும் "தேதி பார்த்துச் சொல்றேன்" என்று இழுக்கமாட்டார். "தரிசனத்துக்கு ஏற்பாடு ஆகுமா?" என்று மட்டும் கேட்பார். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் மாநாடு என்றால் பாதி வேலை மலைமேல்தான். அந்தப் பாதி வேலை இந்த வருடம் என் தலையில் விழுந்தது.

நான் தாட்சாயணி. நகரிக்காரி. நைனா பவர்லூம் ஓட்டுகிறார். எனக்குப் பிஎச்.டி.யும் முடிந்தது, உதவித்தொகையும் நின்றது. தத்துவம் படித்தவளுக்கு எந்த ஊரில் வேலை வைத்திருக்கிறார்கள்? புத்தூரில் ஒரு ஜூனியர் காலேஜ் சிவிக்ஸ் நடத்தக் கூப்பிட்டது. அதை விட்டால் ஒரே வழிதான். பெங்களூரில் வேதாச்சலம் சாரின் துறையில் ஓர் ஆராய்ச்சி இடம் காலி. "மாநாட்டில் உன் கட்டுரையைக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன்" என்று அவரே எழுதியிருந்தார். கேட்டுவிட்டு! அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் மூச்சு விட்டேன்.

அவருக்குத் தரிசன டிக்கெட் போட்டதும் நான்தான். ஆன்லைனில் திறந்த நொடியில் பாய்ந்து, மத்தியானம் மூன்று மணிக்குப் பிடித்தேன். காலையில் தொடக்க விழா, உடனே என் கட்டுரை, பிறகு அவர் நிம்மதியாக மலையேறலாம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாநாட்டன்று சீஃப் கெஸ்ட் வரவில்லை. சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வைத்திருப்பவர். மதியச் சாப்பாடு அவர் உபயம். பத்து மணிக்கு ஃபோன் செய்தால், "பாகாலா கிட்ட வந்துகினு இருக்காரு" என்றார் அவருடைய ஆள். பதினொன்றுக்குச் செய்தாலும் பாகாலா கிட்டத்தான் வந்துகினு இருந்தார். பாகாலா ஊர் என்ன, அவர் கூடவே நடந்து வருகிறதா?

என் கைடு சடகோபன் சாரிடம் போய் நின்றேன். "சார், அவரு வர்றதுக்குள்ள நான் படிச்சுடறேன். வேதாச்சலம் சார் பன்னெண்டரைக்குக் கெளம்பணும்."

"விளக்கேத்தாம பேப்பரா? எலாம்மா, அது எப்படிம்மா?" என்று பதறினார். "சீஃப் கெஸ்ட் கோச்சுக்கினா அடுத்த வருஷம் சாப்பாடு யாரு போடுவா?"

"அப்ப விளக்கை நீங்களே ஏத்திடுங்க சார்."

"நானா?" என்று நெஞ்சில் கைவைத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. அந்த நல்லதை வைத்து நான் என்ன செய்ய?

முதல் வரிசையில் வேதாச்சலம் சார் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். எண்ணெயில் ஊறிய ஐந்து திரியும் மேடையில் சும்மா கிடந்தன. தீப்பெட்டி என் கையில்தான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சீஃப் கெஸ்ட் வந்தார். விளக்கு, மாலை, சால்வை. அறம் என்றால் என்ன என்று பேச ஆரம்பித்தவர், மாங்காய் விலையில் இறங்கினார்; இறங்கியவர் மேலே ஏறவே இல்லை. வேதாச்சலம் சார் மெல்ல எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், நடந்துகினே சொல்லிடறேன் சார். நம்பகமான ஒருத்தர் சொல்லி நாம ஒண்ணைத் தெரிஞ்சுக்கறோம்ல? அதுவும் நேராப் பாத்ததுக்குச் சமமான அறிவுதான். எப்படின்னா..."

"சொல்லும்மா, சொல்லு. ஆதார் ஒரிஜினல் வேணுமா, ஜெராக்ஸ் போதுமா?"

"ஒரிஜினல் சார். அதாவது, அவரு சொல்லை நாம சோதிக்கணும்னு அவசியம்..."

"வேட்டி கட்டணுமே?"

"கார்ல வச்சிருக்கேன் சார்."

"பலே!" என்று ஏறி உட்கார்ந்தார். "சாயங்காலம் பேசுவோம்." கார் கிளம்பியது.

சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் படிக்கவிட்டார்கள். பாயசம் குடித்த சபை பாதி கலைந்திருந்தது. இருந்ததில் பாதி தூங்கியது. ஆனால் நன்றாகப் படித்தேன். சொல்லப்போனால், என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாகப் படித்ததில்லை. கேட்கவேண்டியவர்தான் மலைமேல் இருந்தார்.

விளக்கு வைத்த நேரத்துக்கு கெஸ்ட் ஹவுஸ் போனேன். வேதாச்சலம் சார் நெற்றி நிறைய நாமத்தோடு இருந்தார். "அற்புதமான தரிசனம்மா! இப்படி ஒரு ஏற்பாட்டை நான் எங்கயும் பாத்ததில்லை."

"சார், அந்த இடம்..."

"சடகோபன் ஃபோன்ல சொன்னார், பிரமாதமாப் படிச்சியாம்." லட்டுப் பையைப் பிரித்தார். "ஆனா நான் கேக்கலியேம்மா. அடுத்தவர் சொன்னதை வச்சு எப்படி இடம் கொடுக்கிறது? நான் நேர்ல கேட்ட பையன் ஒருத்தன் இருக்கான். அவனைத்தான் எடுக்கணும்."

அடப்பாவி மனுஷா! அடுத்தவர் சொன்னதை நம்பலாம் என்றுதானே பக்கம் பக்கமாக எழுதிப் படித்துவிட்டு வந்திருக்கிறேன்! நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வாயாடி என்பார்; சொல்லாவிட்டாலும் இடம் இல்லை. விழுங்கிக்கொண்டேன்.

அவர் ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தார். "சாமி முன்னால நின்னப்ப உன் ஞாபகம்தான் வந்தது. 'பெருமாளே, இந்தப் பொண்ணுக்கு ஒரு நல்ல வேலை அமையணும்'னு மனசார வேண்டிக்கிட்டேன்." அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை, நிஜமாகவே வேண்டியிருக்கிறார். தன் கையில் இருந்த வேலையைப் பெருமாளிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"தேங்க்ஸ் சார்," என்றேன்.

வெளியே வந்ததும் நைனா கூப்பிட்டார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "இன்னாமா, அந்தப் பெங்களூர் சாரு இன்னா சொன்னாரு?"

"சாமிகிட்டச் சொல்லியிருக்காராம் நைனா."

"எங்க, மலமேலயா?"

"ஆமா. சாமி எதுக்கவே நின்னு."

சத்தம் நின்றது. தறியை நிறுத்திவிட்டார். "அப்புறம் இன்னாமா, கெடச்ச மாதிரிதான்!" என்றவர், "ஏய், கேட்டியா? நம்ம தாட்சாயணிக்கு..." என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.