இருபது கிலோவுக்குக் கீழே பேசாத மேடை

ஒரு சிறுநீரகத்தின் விலை முப்பத்தோரு கிலோ. கடையில் கிடைக்காத பொருளுக்கு டாக்டரம்மா அப்படித்தான் விலை சொன்னார். அதுவும் வாங்க வந்தவரிடம் இல்லை, கொடுக்க வந்தவரிடம்.

கொடுக்க வந்தவர் லாரி எடைமேடையில் எடை போடுகிறவர். அப்போது நூற்றெட்டு கிலோ. டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் லோடு. அவருடைய தங்கைக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்களில் அண்ணனுடையது ஒன்றுதான் பொருந்தியது.

"இருபது கிலோவுல முடிச்சுக்கலாமே டாக்டர்," என்று கேட்டுப்பார்த்தார் லோடு.

"ஒண்ணைக் குடுத்துட்டா மிச்சம் இருக்கிற ஒண்ணுதான் உங்களுக்குக் கடைசி வரைக்கும் உழைக்கணும். எழுபத்தேழுக்கு மேல ஒரு கிலோகூட ஆகாது."

பதினோரு மாதம் பிடித்தது. விடிந்ததும் எடைமேடையைச் சுற்றிச்சுற்றி நடந்தார். தட்டைப் பாதியாக்கினார். டிரைவர்கள் நீட்டிய டீயைச் சர்க்கரை இல்லாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். வாராவாரம் மருத்துவமனைத் தராசில் ஏறினார். ஒரு நாள் அது எழுபத்தாறு காட்டியது. கேட்டதற்கு மேலேயே ஒரு கிலோ இறக்கியிருந்தார்.

அன்றைக்கு எடைமேடை வாசலில் வரிசையாக நின்ற லாரிகள் ஒரு நிமிடம் ஹாரன் அடித்தன. "இனிமே லோடுன்னு கூப்பிட்டா பொய்ண்ணே. காலி வண்டின்னுதான் கூப்பிடணும்," என்றான் தண்ணி லாரி டிரைவர். பெரிய கேக் வந்தது. எடை குறைத்த மனிதருக்கு மரியாதை செய்ய ஊருக்குத் தெரிந்த ஒரே வழி அவரைத் தின்ன வைப்பது. லோடு இரண்டு துண்டு தின்றார். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

மூன்று வாரத்தில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அதற்குள் தங்கைக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. தேதி ஐந்து மாதம் தள்ளிப்போனது.

"தள்ளிப்போனா என்ன? சரக்கு ரெடி. நீ சீக்கிரம் தேறி வா," என்று தங்கையின் தலையைத் தடவிவிட்டு வந்தார்.

வாராவாரம் மருத்துவமனைக்குப் போவது நின்றது. இறங்க வேண்டிய இடம் வந்தாயிற்று, இனி பஸ்ஸில் என்ன வேலை என்ற நினைப்பு. வீட்டில் மனைவிக்கு வேறு கவலை. "முகமெல்லாம் ஒட்டிப்போச்சுங்க. பாக்கிறவங்க நான் பட்டினி போடுறேன்னு நினைக்கப் போறாங்க," என்று பாதித் தட்டை முக்காலாக்கினாள். அது எப்போது முழுதானது என்று இருவருக்கும் தெரியாது. மழை வந்து நடை நின்றது, மழை விட்ட பிறகும் நடை திரும்பவில்லை. பசியோ பழைய பசியைவிட மூர்க்கமாக வந்தது. வீட்டுத் தராசின் பேட்டரி தீர்ந்து, அது கட்டிலுக்கடியில் தூசி பிடித்துக் கிடந்தது. மாற்ற வேண்டும் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனாலென்ன, அவரிடம்தான் அறுபது டன் எடைமேடையே இருந்ததே. தினமும் காலையில், முதல் லாரி வருவதற்குள், அந்த அகலமான இரும்புப் பலகையில் தனியாக ஏறி நிற்பார். எடை அறையின் ஜன்னல் வழியே தெரியும் சிவப்பு எழுத்து எண்பது என்று காட்டும். "சட்டையும் செருப்பும் போக எழுபத்தாறு," என்று தனக்குத்தானே தள்ளுபடி கொடுத்துக்கொண்டு இறங்குவார். முதல் மாதம் எண்பது, மூன்றாம் மாதமும் எண்பது, ஐந்தாம் மாதமும் எண்பதேதான். இடுப்புப் பட்டையில் இரண்டு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருந்ததற்குத் பட்டையின் தோல் சுருங்கிவிட்டது என்று காரணம் கண்டுபிடித்தார். சரக்கில்லாத வண்டியின் காலி எடையைக் கூட்டிக் காட்ட நாலு பேரைக் கேபினுக்குள் படுக்கவைத்துக் கொண்டுவரும் டிரைவரை, வண்டி மேடையேறும் சத்தத்திலேயே பிடித்துவிடுகிற மனுஷன் அவர்.

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்கு அண்ணனும் தங்கையும் ஒன்றாகப் போனார்கள். நர்ஸ் முதலில் தங்கையை ஏற்றினாள். நாற்பத்து நாலு கிலோ இருநூறு. அடுத்து லோடு. எண்பத்தொன்பது கிலோ நானூறு.

"உங்க மெஷின் கெட்டுப்போச்சும்மா. காலையிலதான் என் மேடையில எண்பது பாத்துட்டு வர்றேன்."

நர்ஸ் வேறொரு தராசைக் கொண்டுவந்தாள். அதிலும் எண்பத்தொன்பது நானூறு. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது.

தங்கை நாற்காலியில் சாய்ந்தபடி மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, உன் மேடை எத்தனை எத்தனை கிலோவா ஏறும்?"

லோடு செருப்பை மாட்டக் குனிந்தார்.

"சொல்லுண்ணே."

"இருபது இருபதா. லாரிக்கு அது போதும்ல."

"அப்ப எழுபத்தாறுக்கும் எண்பதுதான் காட்டும். எண்பத்தொன்பதுக்கும் எண்பதுதான் காட்டும்."

அவருக்குத் தெரியாததா? சில்லறை எடைக்குத் தகராறு பண்ணும் டிரைவர்களிடம், "இருபது கிலோவுக்குக் கீழே இந்த மேடை பேசாதுப்பா," என்று எத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறார். பேசாது என்பதற்காகவே ஏறினார்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "குறைஞ்ச உடம்பு பழைய எடைக்குத் திரும்பத்தான் பாக்கும். பசியைக் கிளப்பிவிடும். அது உங்க குத்தமில்ல. பாக்காம விட்டீங்களே, அதுதான் குத்தம். இப்ப கத்தி வைக்க முடியாது. நாலு மாசம் கழிச்சு எழுபத்தேழோட வாங்க."

"இவ தாங்குவாளா டாக்டர்?"

"இதயம் கொஞ்சம் களைச்சிருக்கு. தாங்கணும்."

வெளியே நீண்ட பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். தங்கை பையிலிருந்து கோடு போட்ட தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். ஒரு நாளைக்கு அவளுக்கு அனுமதி அரை லிட்டர். ஒரு மடக்கு குடித்து, கோட்டைச் சரிபார்த்து மூடினாள்.

"திட்டிடும்மா," என்றார் லோடு.

"திட்டி என்ன? நான் ஒரு மடக்கு கூடக் குடிச்சா மறுநாளே தராசு காட்டிக்குடுத்துடும். பயத்துல ஒழுங்கா இருக்கேன். உனக்கு அந்தப் பயத்தை நாங்க யாரும் வைக்கல." அவள் மூச்சு வாங்கினாள். "நீ குறைச்சப்ப ஊரே கை தட்டுச்சுண்ணே, நானும் தட்டினேன். அதுக்கப்புறம் நீ எப்படி இருக்கன்னு ஒருத்தரும் கேக்கல, நானும்தான் கேக்கல. எடையைக் குறைக்கிறது ஒரு தடவை ஜெயிக்கிறது. குறைச்சதைக் காப்பாத்துறதுதான் தினமும் செய்யற வேலை. அந்த வேலைக்குத்தான் கூட ஆள் வேணும். கை தட்டுறவங்க அதுக்கு அப்புறமும் கொஞ்ச காலம் கூடவே நிக்கணும்."

மறுநாள் காலை லோடு பெரிய மேடையில் ஏறவில்லை. பேட்டரி மாற்றிய வீட்டுத் தராசை எடை அறைக்குள் கொண்டுவந்து வைத்தார். "யாரு வந்தாலும் என்னை ஏறச் சொல்லி நம்பரைக் கேளுங்கப்பா," என்று டிரைவர்களிடம் சொன்னபோது, தண்ணி லாரி டிரைவர்கூடக் கிண்டல் பண்ணவில்லை. பிறகு, லாரிக்குக் கொடுக்கும் சீட்டு ஒன்றைக் கிழித்து, வண்டி எண் எழுத வேண்டிய இடத்தில் தன் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டினார்.

மொத்த எடை: 89.4
காலி எடை: 77.0
நிகர எடை: 12.4

அதற்குக் கீழே, அச்சில் இல்லாத ஒரு வரியைக் கையால் சேர்த்தார். தங்கைக்கு இன்னும் பதினேழு வாரம், வாரத்துக்கு மூன்று, ஆக ஐம்பத்தொரு முறை டயாலிசிஸ்.

நிகர எடையை இறக்கிவிடலாம். முன்பு இறக்கியவர்தான். கீழே இருந்த வரியை யார் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் எழுதினார்: 'என் பாக்கி.'