நிலத்துக்காக எடுத்த பிள்ளை

ஜபேஸ் கிராண்டல் செத்து மூன்று மாதமாகியும் அவருடைய காகிதங்கள் சாகவில்லை. மொத்தம் பதினோரு பெட்டி. நெப்ராஸ்காவில் ஒமாஹா பழங்குடி மக்களை வடக்கே அனுப்பிய ஒப்பந்தத்தின் மை காயுமுன் மிசௌரி ஆற்றங்கரையில் வந்து இறங்கியவர் அவர். கண்ணுக்கு எட்டியதையெல்லாம் வளைத்துப் போட்டார். எட்டாததை வரைபடத்தில் பார்த்து வளைத்துப் போட்டார். இப்போது மாவட்ட வரலாறு என்று தடியாக ஒரு புத்தகம் அச்சாகப் போகிறது. அதில் அவருக்கு நான்கு பக்கமும், தாடியோடு ஒரு படமும் ஒதுக்கியிருந்தார்கள்.

எழுத ஆள் தேடிய மகன் வாரன், படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த ஓரின் டிபெட்ஸைக் கூப்பிட்டனுப்பினார். வாரன் வக்கீல். நல்லதை எடுத்து எழுது, மற்றதை அடுப்பில் போடு என்று இரண்டே வாக்கியத்தில் வேலையை விளக்கினார். ஓரின் சொன்னபடி செய்தான். நான்கு நாளில் அடுப்பு நிரம்பிவிட்டது. எழுத ஒரு வரிகூடத் தேறவில்லை.

ஜபேஸ் ஒழுங்கான மனிதர். ஒவ்வொரு கட்டின் மீதும் ‘தொழில்’ அல்லது ‘குடும்பம்’ என்று அவரே எழுதி வைத்திருந்தார். ஐந்தாம் நாள் ஓரின் பிரித்த தொழில் கட்டுக்குள், சிவப்பு நாடா கட்டி ‘குழந்தை’ என்று பெயரிட்ட ஒரு சின்னக் கட்டு இருந்தது. தொழிலில் குழந்தைக்கு என்ன வேலை என்று அவிழ்த்துப் பார்த்தான்.

நல்ல வேலைதான். கல்யாணமாகாத பெண்ணுக்கு அரசு நிலம் கோர அந்தக் காலத்தில் உரிமை கிடையாது. ஆனால் கையில் ஒரு பிள்ளை இருந்தால் அவள் குடும்பத் தலைவி; நூற்றறுபது ஏக்கர் கோரலாம். ஆகவே காலையில் ஒரு தத்துப் பத்திரம். பத்து மணிக்கு நில அலுவலகத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்தியம். மதியம் நிலம் ஜபேஸின் பெயருக்கு மாறும். சாயங்காலம் தத்து ரத்தாகி, பிள்ளை வீடு திரும்பும். ஓட்டல் சமையல்காரி, பள்ளி ஆசிரியை, படகில் பாட்டுப் பாட வந்த சகோதரிகள் இருவர். நான்கு தாய்மார், ஒரே குழந்தை. இடையே பென்சிலில் ஒரு துண்டுக் குறிப்பு: ‘குழந்தைக்குச் சளி. இரண்டு நாள் வேலை நின்றது. ஸ்வீடன்காரர் வீட்டில் ஒன்று இருக்கிறதாம், விசாரிக்க.’

ஓரின் வாய்விட்டுச் சிரித்தான். கல்லூரி நண்பர்களுக்கு இதை எந்தக் குரலில் வாசித்துக் காட்டலாம் என்றுகூட யோசித்து வைத்தான். அப்புறம்தான் பிள்ளையின் பெயரைப் பார்த்தான். ஓரின். பதினான்கு மாதம். தேதி 1857. விதவை ஹல்டா டிபெட்ஸின் மகன். தரவேண்டியது, தடவை ஒன்றுக்கு ஒரு மூட்டை மாவு. கீழே, எழுதப் படிக்கத் தெரியாத அவன் அம்மாவின் பெருக்கல் குறி.

சிரிப்பு போன வழி தெரியவில்லை.

ஐந்தாவது பத்திரம் குடும்பக் கட்டில், துக்கத்துக்குக் கட்டிய ஒரு கறுப்பு ரிப்பனுக்கும் யாருடைய முதல் முடியையோ சுற்றிய காகிதத்துக்கும் நடுவே அகப்பட்டது. தத்தெடுத்தவர் ஜபேஸின் தங்கை பிலூரா. இதற்கு மட்டும் ரத்துப் பத்திரம் இல்லை. பெட்டி பெட்டியாகத் தேடியும் கிடைக்கவில்லை. ஊரார் விஷயத்தை மூன்று முறை சரிபார்த்த மனிதர், சொந்தத் தங்கை விஷயம் என்றதும் குடும்பக் கட்டில் செருகிவிட்டு மறந்துபோயிருந்தார். தங்கையிடம் போய் யாராவது பத்திரம் கேட்பார்களா? அந்த நிலமும் பிலூராவின் பெயரிலேயே தங்கிவிட்டது. இன்று அதன் மேல் தேவாலயமும் வங்கியும் பாதிக் கடைத்தெருவும் நிற்கின்றன. ஆக, மாவட்டப் பதிவேட்டின்படி இந்த இருபத்தோரு வருடமும் ஓரின், பிலூரா கிராண்டலின் ஒரே மகன், ஒரே வாரிசு.

வாரன் பத்திரத்தை இரண்டு முறை வாசித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இன்னும் இல்ல சார்.”

“நல்லது. ரத்துப் பத்திரம் நான் எழுதிடறேன். அத்தை கையெழுத்துப் போடுவாங்க, கீழ நீயும் ஒண்ணு போடு. தேதி ஐம்பத்தேழுன்னு இருக்கட்டும்.”

“ஐம்பத்தேழுல எனக்கு நாலு பல்லுதான் சார் இருந்திருக்கும்.”

“அதை யாரு எண்ணிப் பாக்கப் போறா?”

ஓரின் ஒரு நாள் அவகாசம் கேட்டான். வீட்டுக்கு நடக்கிற வழியில் கற்பனையில் பிலூராவின் மாடி வீட்டில் தனக்கு ஓர் அறையைத் தேர்ந்தெடுத்தான். திரைச்சீலை பிடிக்கவில்லை, மாற்றச் சொன்னான். வங்கிக்காரர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். தெருமுனையில் நின்று காறித் துப்பினான். ஜபேஸை நினைத்தா, திரைச்சீலையை நினைத்தா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதையெல்லாம் கையை நிறுத்தாமல் கேட்டாள். கொடுத்தது உண்மைதான் என்றாள். அப்பா செத்த குளிர்காலம், மாவு இல்லை, அவனும் யார் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டு போகிற பிள்ளை.

“சாயங்காலம் வந்ததும் விரலெல்லாம் எண்ணிப் பாப்பேன். எல்லாம் சரியா இருக்கும்.”

இஸ்திரிப்பெட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். முகத்தை இந்தப் பக்கம் திருப்பவில்லை.

“பெரிய வீடு. உனக்கு இஷ்டம்னா போடா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவள் உண்மையாகவே அப்படி எதிர்பார்க்கிறாள் என்பது ஓரினுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருமுறை மாவுக்குப் போனவன் இன்னொரு முறை மாடி வீட்டுக்குப் போகமாட்டானா என்ன?

மறுநாள் வாரனிடம், கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் இன்றைய தேதியில், பதிவு அலுவலகத்தில், எழுத்தர் முன்னால் என்றான். வாரனின் முகம் வேகவைத்த பீட்ரூட் போலானது. அத்தை பொய்ச் சத்தியம் செய்தார் என்று ஊருக்கே தெரிந்துபோகும், அப்பாவின் பெயர் நாறும், புத்தகம் வேறு அச்சுக்குப் போகிறது என்று அடுக்கினார். அப்படியானால் மகனாகவே இருந்துவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறேன் என்றான் ஓரின். வாரன் கோட்டை மாட்டிக்கொண்டார்.

பிலூரா கறுப்புப் பட்டில் வந்தார். இருபத்தோரு வருடமாகத் தேவாலயத்தில் அவனுக்கு நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்தவர். அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

“நீதானா அது? அன்னிக்கு என் மேல வாந்தி எடுத்தே. புதுப் பாவாடை.”

“மன்னிக்கணும் மேடம்.”

“கறை போகவே இல்ல.”

அதற்கு மேல் அவரிடம் அவனுக்கென்று எதுவும் இல்லை. இருக்கும் என்று நினைத்து இவ்வளவு நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது ஓரினுக்கே அருவருப்பாக இருந்தது.

எழுத்தர் பதிவேட்டைப் பிரித்து, பெயர்களை எழுதி, தேதியை எழுதினார். பிறகு பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, தத்தை ரத்து செய்யக் காரணம் என்ன, அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றார். வாரன் இருமினார்.

“வேலை முடிஞ்சுது,” என்றார் பிலூரா. “அப்படியே போடுங்க.”

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அப்படியே எழுதி, மை ஒற்றும் தாளை வைத்து அழுத்தினார்.

ஓரின் கையெழுத்திட்டான். பெயருக்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, ‘ஹல்டா டிபெட்ஸின் மகன்’ என்று பெரிய எழுத்தில் எழுதினான். அது சட்டப்படி தேவையில்லை என்றார் வாரன்.