வலது பக்கத்துக்கு வந்த துண்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் நீளமான அட்டைப்பெட்டி ஒன்று சாய்ந்திருக்கிறது. உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு: காரின் பின்னால் மாட்டி இழுக்கிற கேரவன் வீட்டின் சக்கரத்துக்கு மேலே வளைந்து பின்மூலை வரை ஓடுகிற விளிம்பு. மெல்போர்னிலிருந்து வந்தது. திருப்பி அனுப்பலாம் என்று ஒவ்வொரு முறையும் டேப்பை எடுக்கிறேன். அனுப்பாமல் எழுத உட்கார்ந்துவிடுகிறேன்.

சிடூனாவில், கடலைப் பார்த்த ஒரு கேரவன் பார்க்கில் எனக்கு ஆபீஸ் வேலை. மேற்கே நல்லார்பார் வெட்டவெளிக்குள் இறங்குவதற்கு முன் எல்லோரும் இங்கே நிற்பார்கள். செல்வராணி என்ற என் பெயரைச் சொல்லிப் பழகும் அளவுக்குக்கூட நிற்க மாட்டார்கள். "செல்" போதும் அவர்களுக்கு.

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

கடற்காற்று நெவிலின் தலைமுடியைக் கலைத்தபோது

[நெவிலுக்குத் தலைமுடி கிடையாது.]

கணவனை இழந்த லினெட், தனிமையில் வாடி

[வாடவில்லை. வந்து இறங்கியதும் பார்க் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.]

அந்தச் சிரிப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

2

அறுபதைத் தாண்டிய பெண். காரின் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு தனியாக வந்திருந்தாள். கேரவனின் இடது பக்கம் சக்கரத்துக்கு மேல் இருந்த பிளாஸ்டிக் விளிம்பு பிளந்து, கிழிந்த காது மாதிரி தொங்கியது. நான் இடம் காட்டக் கூடவே நடந்தேன். பக்கத்து இடத்தில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்த நெவில், கத்தியோடு எழுந்து வந்தார்.

"என்னாச்சு?"

"பெட்ரோல் பங்க்ல ஒரு மஞ்சக் கம்பம் குறுக்க வந்துருச்சுங்க."

"கம்பம் வந்துச்சா?"

"நான் திரும்புறதுக்கு முன்னாடி அது அங்க இல்ல. சத்தியமா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

நெவில் குனிந்து பார்த்தார். பிளவின் மேல் விரலை வைத்து, அது எங்கே முடிகிறது என்று தடவிக்கொண்டே போனார். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்ப்பது போல இருந்தது.

"இப்படியே போனா என்ன?" என்று கேட்டாள் லினெட்.

"நல்லார்பார்ல காத்து உள்ள பூந்து மொத்தத்தையும் பிச்சுக்கிட்டுப் போயிடும். ரோட்டுக் கல்லு வேற உள்ள தகரத்தைக் குத்தும்."

"ஒட்ட முடியுமா, இல்ல மாத்தித்தான் ஆகணுமா?"

நெவில் விரலைப் பிளவிலிருந்து எடுத்தார். "மாத்திடறதுதான் நல்லதுங்க" என்றார்.

இங்கே வாசகருக்கு ஒரு தகவல். நெவில் அடிலெய்டில் வாழ்நாள் முழுவதும் கார் பம்பர்களை ஒட்டிச் சரிசெய்தவர். லினெட்டின் பிளவு அவருக்கு ஒரு பிற்பகல் வேலை.

3

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. பார்த்து ஐந்து நிமிடம் ஆகாத ஒரு பெண்ணுக்காக ஒரு மனிதர் பொய் சொல்வாரா? முதல் வரைவில், அவர் இதைச் சில நாள் பழகிய பிறகு சொல்வதாக மாற்றினேன். நம்பும்படியாக இருந்தது, ஆனால் நடந்தது அதுவல்ல. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் இந்தக் கதை ஒரு பிற்பகலில் முடிந்திருக்கும்.

நெவிலின் மனைவி வேறொருவரோடு குவீன்ஸ்லாந்து போன பிறகு அவர் இங்கே வந்தார். கேரவனை ஒரே இடத்தில் நிறுத்தினார். அதன் டயர்கள் வெயிலில் வெடித்துப் போயின. வருகிறவர்களுக்கு மீன் கொடுப்பார். போகிறவர்களுக்குக் கை காட்டுவார். பின்னொரு நாள் அவரிடம் நேராகவே கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"ஒருத்தங்க என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க செல். சரியா பதில் சொன்னா போயிடுவாங்க. அவ்ளோதான்."

4

லினெட் மெல்போர்ன் கம்பெனிக்குப் போன் போட்டுத் துண்டை அனுப்பச் சொன்னாள். பழைய மாடல், வந்துவிடும், அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள்.

அவள் போகவேண்டிய இடம் நல்லார்பாரைத் தாண்டி, மேற்கே இரண்டு நாள் தூரத்தில் இருக்கும் எஸ்பரன்ஸ். அங்கே மகள் கிர்ஸ்டிக்கு முதல் பிரசவம். மாதக் கடைசியில்தான் என்பதால் அவசரமில்லை என்றாள். கேரவனை இங்கேயே விட்டுவிட்டுக் காரில் மட்டும் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மகள் வீடு சின்னது, கேரவனில்தான் தங்கவேண்டும் என்றாள். பிறகு, "யோசிக்கிறேன்" என்றாள். யோசித்ததாகத் தெரியவில்லை.

காலையில் இருவரும் கடலுக்குள் நீண்ட பாலத்தில் நின்று தூண்டில் போட்டார்கள். சாயங்காலம் அவருடைய சட்டியில் மீன் பொரிந்தது. அவள் உருளைக்கிழங்கு வெட்டினாள். கொஞ்சம் பெரிதாக வெட்டுகிறாள் என்று அவர் சொன்னார். மறுநாள் இன்னும் பெரிதாக வெட்டினாள்.

[எழுதுகிறவளின் சங்கடம் ஒன்று. அவர்கள் மொழியில் 'நீ'யும் 'நீங்க'ளும் ஒரே சொல். தமிழில் எழுதும்போது எந்த நாளில் ஒன்று மற்றொன்றானது என்று நான்தான் முடிவு செய்யவேண்டும். உருளைக்கிழங்கு நாளில் என்று வைத்திருக்கிறேன். இன்னொன்று: நெவிலை 'அவர்' என்றும் லினெட்டை 'அவள்' என்றும் எழுதுவது நியாயமில்லைதான். இரண்டு 'அவர்' வந்தால் உங்களுக்குக் குழம்பும் என்று பார்த்தேன். தவிர, லினெட் என் தோழியாகிவிட்டாள்.]

ஒரு சாயங்காலம் துணி துவைக்கும் இடத்துக்குப் போகும் வழியில் அவர்களைப் பார்த்தேன். இரண்டு நாற்காலி. நெவில் கடலைப் பார்க்காமல், தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பிளாஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5

பெட்டி ஒரு வியாழக்கிழமை வந்தது. என் ஆபீஸ் தரையில் வைத்துப் பிரித்தோம். லினெட் துண்டைத் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். வலது பக்கத்துக்கானது. உடைந்தது இடது.

நெவிலின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போனது. மறைக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

அப்போதுதான் கிர்ஸ்டியின் போன் வந்தது. இரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம். டாக்டர்கள் காத்திருக்கப் போவதில்லையாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் குழந்தையை எடுத்துவிடுவார்களாம். லினெட் போனை வைத்தாள். சிரிப்பு இல்லாத அவள் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"நெவில், அதை ஒட்டிக் குடு."

"நானா..."

"நீதான். வந்த ரெண்டாம் நாளே பாத்துட்டேன். பார்க் குப்பைத்தொட்டி மூடியைச் சுட்டு ஒட்டிக்கிட்டு இருந்தே. கோடுகூடத் தெரியல."

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

6

வெள்ளிக்கிழமை காலை நெவில் தரையில் படுத்து வேலை செய்தார். பிளவு முடியும் இடத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டார். அதற்கு மேல் பிளவு ஓடாது. பின்பக்கம் கம்பி வலை வைத்து, சூட்டுக்கோலால் அழுத்திப் பதித்தார். நிரப்புவதற்கு அதே ஜாதிப் பிளாஸ்டிக் வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. தன் கேரவனுக்குப் போய், அடியில் வெளியே தெரியாத விளிம்பிலிருந்து ஒரு பட்டையை அறுத்து எடுத்துவந்தார்.

"உன் வண்டியையா அறுக்குறே?"

"அது எங்க போகப்போகுது?"

அவர் உருக்கி ஊற்றினார், தேய்த்தார், வெள்ளை அடித்தார். அவசரப்படவில்லை, ஆனால் வேண்டுமென்று தாமதிக்கவும் இல்லை. அதற்கு நான் சாட்சி. விரலை வைத்துப் பார்த்தேன். எங்கே உடைந்தது என்று சொல்ல முடியவில்லை.

புறப்படும்போது ஒரு பை எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"மாநில எல்லையில, பூச்சி வரும்னு பழமெல்லாம் பிடுங்கிடுவாங்க நெவில்."

"தெரியும்."

"எல்லா பழத்தையும் அதுக்குள்ள தின்னவா?"

"முடிஞ்சவரைக்கும்."

அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நெவில் வண்டியின் பக்கவாட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். கார் கிளம்பியது. இந்த முறை அவர் கை காட்டவில்லை.

7

இங்கேயே முடித்திருக்கலாம். முடிவுகள் சிலவற்றை எழுதியும் பார்த்தேன்.

ஒன்றில் நெவில் அன்றே தன் கேரவனை மாட்டிக்கொண்டு பின்னால் போகிறார். [அந்த டயர்களில் எங்கள் கேட்டைக்கூடத் தாண்ட முடியாது.]

இன்னொன்றில் பாதி வழியில் ஒட்டு பிரிந்து, லினெட் திரும்பி வருகிறாள். இதை ஆசையோடு எழுதினேன், ஒரு பக்கம் வரை. பிறகு அடித்துவிட்டேன். நெவில் ஒட்டினால் பிரியாது. துயரமே அதுதான்.

நடந்தது இது. திங்கள்கிழமை லினெட் எனக்குப் போன் செய்தாள். பெண் குழந்தை. இருவரும் நலம். அவள் போய்ச் சேர்வதற்கு முந்தைய நாளே பிறந்துவிட்டது.

நெவிலிடம் சொன்னேன். நெடுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள்ல போச்சு. என்னாலதான?"

"அவளும்தான் கேக்காம இருந்தா."

"திட்டினாளா?"

"இல்ல. அந்தத் துண்டுக்காகவே வலதுபக்கமும் ஒருநாள் கம்பத்துல இடிக்கணும்னு சொன்னா."

சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

8

அது நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. லினெட் எஸ்பரன்ஸிலேயே இருக்கிறாள். அவள் நெவிலைக் கூப்பிடவில்லை, நெவில் அவளைக் கூப்பிடவில்லை. இருவரும் என்னிடம் மற்றவரைப் பற்றி விசாரிக்கிறார்கள், வானிலை கேட்பது போல.

இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆபீஸ் கதவு திறந்தது. நெவில். சவரம் செய்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத்தின் முன்னால் போய் நின்று, சிடூனாவில் விரலை வைத்து, மேற்கே மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். விரல் கடலோரமாகவே போய் ஓர் இடத்தில் நின்றது.

"செல், எஸ்பரன்ஸ்ல மீன் கிடைக்குமா?"

நான் என்ன சொல்வேன் என்பதை எழுதப்போவதில்லை. சரியான பதில் சொன்னால் அவரும் போய்விடலாம். இந்தப் பார்க்கில் என்றைக்கும் இருக்கிறவர் என்று எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான். அதனால் இந்த நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். அவர் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் வரைபடத்தின் மேலேயே இருக்கிறது.