டிபன் பையில் போன கம்ப்யூட்டர்

சவூதியில், ஜுபைல் கேம்ப்பில் எனக்குப் பாத்தியப்பட்ட நிலப்பரப்பு, இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தளமும் தலைமாட்டில் ஒரு பலகையும்தான். அந்தப் பலகையில் பைபிள், வலித் தைலம், முடி எண்ணெய் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு கேமிங் கம்ப்யூட்டரை வாங்கி வைத்தேன். முடி எண்ணெய்க்குத்தான் இடமில்லாமல் போனது. முடியும் அவ்வளவாக இல்லை என்பதால் அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

மினி பிசி என்று பெயர். அரைக்கிலோ கேக் டப்பா அளவுதான் இருக்கும். கீழ்க்கட்டிலில் படுக்கும் கார்மேகம், ராமநாதபுரத்துக்காரன், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, பெருசா ஒண்ணு வாங்குனதுக்கு இத ஃப்ரீயா குடுத்தாய்ங்களா?"

நான் அதன் பெருமைகளை எடுத்துச் சொன்னேன். பெரிய டவரை வாங்கினால் அதைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நான் தரையில் படுக்க வேண்டும். இது கரண்ட் கொஞ்சமாகத்தான் இழுக்கும். கேம்ப்பை மேய்க்கும் பாஸின் கண்ணில் படாது. கையில் தூக்கிக்கொண்டு போய் எந்த டிவியிலும் மாட்டலாம்.

குறைகளைச் சொல்லவில்லை, அவனே கண்டுபிடித்துக்கொண்டான். தனியாக கிராபிக்ஸ் கார்டு செருக உள்ளே இடம் கிடையாது. வாங்கும்போது என்ன பலமோ, சாகும்வரை அதே பலம்தான், என்னைப்போல. பெரிய சண்டை விளையாட்டு எதையாவது போட்டால், எதிரி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அப்படியே யோசனையில் நின்றுவிடுவான். சூடேறிவிட்டால் உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் ஊரைக் கூட்டும்.

"பிளான்ட்லதான் கம்ப்ரசர் சத்தம்னு ரூமுக்கு வந்தா, இங்கயும் ஒண்ணு வச்சிருக்கீக" என்பான் கார்மேகம்.

இன்னொரு குறை, அடாப்டர். செங்கல் மாதிரி ஒரு கறுப்புக் கட்டி. பெட்டி தன்னைச் சின்னதாகக் காட்டிக்கொள்வதற்காகத் தன் தொந்தியைக் கழற்றி வெளியே வைத்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

இத்தனையும் எதற்காக என்றால், என் மனைவி ஜெனினுக்காக. அவள் பஹ்ரைனில் நர்ஸ், குதைபியாவில் ஒரு ஃபிளாட்டில் தோழிகளோடு இருக்கிறாள். நடுவில் ஒரு கடலும் அதன்மேல் ஒரு பாலமும். வெள்ளிக்கிழமைதோறும் அவள் போனிலும் நான் இந்தப் பெட்டியிலுமாக ஒரு சமையல் விளையாட்டு ஆடுவோம். இரண்டு படகுகளில் ஆளுக்கொரு சமையல்காரர். நான் வெட்ட வேண்டும், அவள் வேகவைக்க வேண்டும். அலையில் படகுகள் நெருங்குகிற நேரம் பார்த்துத் தட்டை அந்தப் பக்கம் எறிய வேண்டும். பல மாதமாக அந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை. நான் எறிகிற தட்டெல்லாம் கடலுக்குள் போனது.

"மீனுக்கே சாப்பாடு போடுதியளே" என்பாள்.

"நெட்டு மெதுவா இருக்கு பிள்ள. நான் சரியாத்தான் எறியிதேன்."

"பக்கத்துல இருந்து ஆடுனா தெரிஞ்சிரும், நெட்டா கையான்னு."

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வாய்த்தது. நாட்டைவிட்டுப் போய்த் திரும்ப கம்பெனி எக்ஸிட் ரீஎன்ட்ரி விசா கொடுத்தது. அவள் இரண்டு பேரிடம் கெஞ்சி டூட்டியை மாற்றிக்கொண்டாள். காலையில் போய்விட்டு மாலை வண்டியில் திரும்ப வேண்டும். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் ஒன்றும் ஆடியதில்லை. அன்று ஆடி அந்தக் கட்டத்தைத் தாண்டியே தீருவது என்று முடிவு.

பெட்டியைச் சூடு தாங்கும் டிபன் பையில் வைத்தேன். ஆட்டத்துக்கான ரிமோட் இரண்டு, டிவியில் மாட்டும் ஒயர், எல்லாம் உள்ளே. பாலத்தில் கஸ்டம்ஸ்காரர் பையைத் திறந்து பார்த்தார்.

"கம்ப்யூட்டர்? பாக்கி கிதர்?" மீதி எங்கே என்று கேட்டார்.

"பாக்கி மாஃபி சார். கலாஸ். இதான் ஃபுல்" என்றேன், நானே தயாரித்தவன் போல.

அவர் சிரித்து, "யல்லா, யல்லா" என்று அனுப்பினார்.

குதைபியாவில் மீன்குழம்பு வாசம் படிக்கட்டு வரை வந்து வரவேற்றது. ஜெனினின் தோழி ஜோஸ்மி டிவிக்கு முன்னால் பாயே விரித்து வைத்திருந்தாள். நான் பெட்டியை வைத்தேன், ஒயரை மாட்டினேன், பைக்குள் கையை விட்டேன். பையின் அடிவரைக்கும் போய்விட்டு அடாப்டர் இல்லாமல் வந்தது கை.

கஸ்டம்ஸ்காரர் கேட்டதற்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

ஜுபைலில் எங்கள் அறையில் எல்லோருக்குமாக ஒரே பிளக் போர்டு. கொஞ்சம் அசந்தால் நம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு யாராவது போனைச் சொருகிவிடுவார்கள். அதனால் அவரவர் பிளக்கை அவரவர் டேப் சுற்றிப் பெயர் எழுதி வைப்பது வழக்கம். நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். சாதாரண டேப் எனக்குக் கேவலம். பிளாஸ்டிக் டை போட்டு, அடாப்டரையும் போர்டோடு சேர்த்து இறுக்கி, "தொடாதே" என்று டேக் தொங்கவிட்டிருந்தேன். காலையில் பெட்டிப் பக்கத்து முனையை மட்டும் உருவிவிட்டு வந்திருக்கிறேன். என் எச்சரிக்கைக்கு நான் ஒருவன்தான் கீழ்ப்படிந்திருக்கிறேன்.

கார்மேகத்துக்குப் போன் போட்டேன்.

"இங்கதாண்ணே இருக்கு. போர்டோட போர்டா ஒட்டிக் கிடக்கு. போர்டோட பேத்து அனுப்பவா?"

ஜெனின் கரண்டியை வைத்துவிட்டு வந்து பெட்டியைப் பார்த்தாள். இரண்டு பேரிடம் கெஞ்சியவள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணா, ரெண்டு பேரும் ரெண்டு போன்ல ஆடுங்களேன்" என்றாள் ஜோஸ்மி.

"என் போன்ல அது திறக்கவே செய்யாது. திறந்தாலும், ஆளுக்கொரு போன்னா நான் ஜுபைல்லயே இருந்திருப்பேனே."

"கலீல் பாய் கடை ஜும்மாவுக்கு அப்புறம் திறக்கும்" என்றாள் ஜெனின். "முதல்ல சாப்பிடுங்க."

கலீலுர் ரஹ்மான், தெருமுனையில் மொபைல் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்துக்காரர். தொழுகை முடிந்து வந்து ஷட்டரைத் தூக்குவதற்குள் நாங்கள் வாசலில் நின்றோம். பழைய அடாப்டர்கள் பாம்புக்கூடை மாதிரி ஒரு பெட்டியில் கிடந்தன. குடைந்து, முனை பொருந்துகிற ஒன்றை எடுத்துக்கொடுத்தார்.

நான் வாங்கிப் படித்தேன். வோல்ட் சரி. ஆம்பியர் பாதிதான்.

"ஓடுமா பாய்?" என்றாள் ஜெனின்.

"ஓடும்மா. வேகமா ஓடவிட்டா நின்னுரும்" என்றார். "சாயந்தரம் திருப்பித் தந்தாப் போதும். எங்க போயிரப் போறிய."

அவர் சொன்னபடியேதான் ஆனது. ஆட்டம் தொடங்கி முதல் அலை வந்ததும் பெட்டி பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டோம். மறுபடி பொட்.

"வண்டிக்கு நேரமாவுது" என்றாள் ஜெனின், கடிகாரத்தைப் பார்க்காமலே.

நான் பெட்டியின் செட்டிங்கிற்குள் போய், அது இழுக்கிற கரண்டைக் கீழே இறக்கினேன். படத்தின் தெளிவையும் அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தேன். தக்காளியும் தட்டும் சிவப்புக் கட்டம், வெள்ளைக் கட்டமாக ஆகிவிட்டன. ஆனால் அணையவில்லை. பாயில் தோளோடு தோள் உட்கார்ந்து ஆடத் தொடங்கினோம்.

படகுகள் வந்தன. கோயில் தேர் மாதிரி வந்தன. அலை எழுந்து, யோசித்து, இறங்கியது. நான் நிதானமாக வெட்டினேன், நிதானமாகப் பார்த்தேன், எறிந்தேன். தட்டு காற்றில் மிதந்துபோய் ஜெனினின் கையில் உட்கார்ந்தது.

"பிடிச்சிட்டேன்! அடுத்தது, அடுத்தது எறிங்க!"

"எறியிதேன், பொறு."

"பொறுத்துக்கிட்டுத்தான இருக்கேன் இவ்வளவு நாளா!"

ஒரு தட்டுகூடக் கடலுக்குப் போகவில்லை. திரையில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக, சாவகாசமாக வெடித்தன. ஜெனின் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஜோஸ்மி விசிலடித்தாள், கீழ்வீட்டில் யாரோ ஏதோ கேட்டார்கள்.

சத்தம் அடங்கியதும் ஜெனின் திரையையே பார்த்தாள்.

"இங்க பாருங்க. இது என்ன, எல்லாம் தண்ணிக்குள்ள நடக்குத மாதிரி போவுது?"

உண்மையைச் சொல்லாமல் முடியவில்லை. "கரண்ட் பத்தல. அதுக்கு மூச்சு வாங்குது. விளையாட்டே பாதி வேகத்துலதான் ஓடுது, அதான் என் தட்டு வந்து சேருது."

"அப்ப நெட்டு இல்ல."

"இல்ல."

"உங்க கைதான்."

"கைதான்."

அவள் சிரித்த சிரிப்பில் ரிமோட் பாயிலிருந்து உருண்டுபோனது. டூட்டி மாற்றியதற்கும் கெஞ்சியதற்கும் அந்தச் சிரிப்பிலேயே கணக்குத் தீர்ந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மாலையில் கலீல் பாயிடம் அடாப்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். ஜெனின் அதைக் கையிலிருந்து விடவில்லை.

"பாய், இத வேற யாருக்கும் குடுத்துராதிய. அடுத்த தடவைக்கு வேணும்."

வண்டி வந்துவிட்டது. டிபன் பையில் ஒரு பக்கம் பெட்டி, இன்னொரு பக்கம் கார்மேகத்துக்கு மீன்குழம்பு. ஜன்னல் வழியாக நான் சொன்னேன், "அடுத்த தடவை மறக்காம நம்ம அடாப்டரக் கொண்டாந்துருதேன் பிள்ள."

"ஒண்ணும் வேண்டாம்" என்றாள் ஜெனின். "அது அங்கனயே கட்டிக் கிடக்கட்டும். நீங்க மட்டும் வாங்க."