பின்னால் நிற்க ஓர் ஆள்

கிரிசாக்கி கோட்டையில் குடைகளுக்கும் விளக்குகளுக்கும் பொறுப்பாளராக இருந்த குசாகா யஹெய், ஒரு குளவியைக் கொல்லப் போய் மரண தண்டனை பெற்றார். குளவி தப்பித்துவிட்டது.

இலையுதிர்காலத் தொடக்கம். பெரிய மண்டபத்தில் சபை கூடியிருந்தது. மூத்த அமைச்சர் ஹோரிகே தாதேவாகி, வீரன் என்பவன் எந்தக் கணமும் வாளும் கையுமாக இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். மாதாமாதம் பேசுவதுதான். அன்று திறந்திருந்த கதவு வழியாக விரல் நீள மலைக்குளவி ஒன்று வந்து அவருடைய உச்சிக் குடுமியில் உட்கார்ந்தது. அந்தப் பேச்சை அத்தனை வருஷத்தில் நிஜமாகக் காதில் வாங்கிய ஒரே மனிதர் யஹெய் போலிருக்கிறது. குறுவாளை உருவி வீசினார். அமைச்சரின் குடுமியில் நுனி போயிற்று. குளவி சாவகாசமாகப் பறந்து வெளியே போயிற்று.

கோட்டைக்குள் வாளை உருவினால் சாவு. சட்டத்தை எழுதியவர் முதல் பிரபு. அவர் காலத்துச் சபையில் பக்கத்து ஆளை நிஜமாகவே வெட்டக் கூடியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அரிசிக் கணக்கும் மூலநோயும் உள்ளவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் சட்டம் மாறவில்லை. பட்டத்துக்கு வந்து வருஷம் திரும்பாத இளம் பிரபு தலையைக் குனிந்துகொண்டு, "நிலாப் பண்டிகை முடியட்டும். அதுக்கப்புறம் யஹெய் வயித்தைக் கிழிச்சுக்கட்டும்" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

"பார்த்தீங்களா, முறையா ஏற்பாடு பண்ண அவகாசம் கொடுத்திருக்கார்" என்றார் ஹோரிகே, குடுமியைத் தடவிக்கொண்டே. எல்லோரும் அந்த நுட்பத்தை மெச்சினார்கள்.

நான் காலாள். பெயர் மொசுகே. எங்கள் முன்னோர் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடினார்கள். குதிரைமேல் இருந்தவர்களின் பெயர் சரித்திரத்தில் ஏறியது. சண்டையே இல்லாமல் தலைமுறைகள் போய்விட்டதால் நாங்கள் இப்போது கதவைத் திறக்கிறோம், மூடுகிறோம். தப்புச் செய்தால் எங்களுக்கு வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் கௌரவம் கிடையாது. ஆற்றங்கரையில் உட்காரவைத்துத் தலையை எடுத்துவிடுவார்கள். எடுப்பவன் அதையே தொழிலாகச் செய்பவன் என்பதால் சட்டென்று முடியும். கௌரவம் இல்லாததில் இப்படிச் சில வசதிகள் உண்டு.

யஹெய் வீட்டு வாசலில் பச்சை மூங்கில்களைக் குறுக்கே கட்டி, என்னைக் காவலுக்குப் போட்டார்கள். முதல் நாளே அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"மொசுகே, அந்தக் குளவிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லீங்க ஐயா. தப்பிச்சிடுச்சு."

"நல்லது. இல்லேன்னா அதோட சொந்தக்காரங்க வேற பழி வாங்க வந்திருப்பாங்க."

 பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாகறதுக்குப் பயமில்லேன்னு சொல்லணும். சபையிலேயே சொல்லிட்டேன். ஆனா வயித்துல கத்தி வெச்சதும் பின்னால நிக்கிறவன் கழுத்தை வெட்டணும் பாரு, அங்கதான் எனக்கு உதறுது. தலைநகர் எடோவுல எங்க மாமா ஒரு தடவை பார்த்தாராம். வெட்டினவன் தோள்ல போட்டான், அப்புறம் தாடையில போட்டான். மனுஷன் திரும்பி, 'அவசரப்படாதீங்க'ன்னு சொன்னாராம். எனக்கு அந்த மாதிரி வாக்கியமெல்லாம் வராது. ஒரே வெட்டுல போயிடணும்."

"ஆத்தங்கரை ஆள் சுத்தமாச் செய்வான் ஐயா."

"அவன் என்னைத் தொட்டா எங்க பரம்பரைக்கே இழுக்கு. தொழில் தெரிஞ்சவனைக் கூப்பிடக் கூடாது, தெரியாதவனாத்தான் பார்த்துப் பிடிக்கணும். அதுதான் மரியாதை."

ஆக, பின்னால் நிற்க ஓர் ஆள் வேண்டும். கோட்டை முழுக்க அன்றிலிருந்து அதே பேச்சு.

முதலில் வாள் ஆசிரியர் ஓபா கொந்தயூவைக் கேட்டார்கள். 'மறைந்த காற்று' என்ற இரகசிய வித்தையை அவர் முப்பாட்டன் மலைக்குகையில் தவம் இருந்து கற்றதாக அவர் வாசல் பலகை சொல்லும். கொந்தயூ கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். "என் வித்தை உயிரோட எதிர்த்து நிக்கிறவனுக்கு. சும்மா உட்கார்ந்திருக்கிறவன் மேல அதைப் பிரயோகிச்சா, வித்தை கோவிச்சுக்கும்" என்றார். மறுநாள் தோள் சுளுக்கிக்கொண்டது.

அடுத்து காவல்படைத் தலைவர். அவர் வீட்டு வாள் ஒரு பெரும்போரில் ஏழெட்டுத் தலைகளைப் பார்த்தது. அவர் மறுக்கவில்லை. வாளைத் தட்டில் ஏந்தி வந்து சபை நடுவில் வைத்து வணங்கி, உருவினார். வரவில்லை. உறையை ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் பிடியை இழுத்தார். பிறகு அவருடைய மருமகனும் சேர்ந்து இழுத்தார். உள்ளே துருப்பிடித்து உறையும் வாளும் ஒரே உடம்பாகிவிட்டிருந்தன. "இது சமாதானத்தை விரும்பற வாள்" என்று சொல்லி எடுத்துப் போய்விட்டார்.

பக்கத்துப் பிரபுவிடம் ஓர் ஆளை இரவல் கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். ஹோரிகேவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு கழுத்தை வெட்ட இங்க ஆள் இல்லேன்னு அவங்களுக்குத் தெரியணுமா? இத்தனை பேர் இடுப்புல ரெண்டு ரெண்டு கத்தி எதுக்குய்யா தொங்குது?"  நல்ல கேள்விதான்.

கடைசியில் இனுகை ஸெய்ஜூரோ முன்வந்தார். குதிரை லாயத்தில் கணக்குப் பார்ப்பவர். யஹெய்யும் அவரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாக மீன் பிடித்தவர்கள். அவர் வாள் பிடித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் சபையில் நெற்றி தரையில் பட வணங்கி, "அவன் வலியில்லாமப் போகணும். நான் பழகிக்கிறேன்" என்றார்.  நட்பு என்றால் இது என்று ஊரே பேசிக்கொண்டது. நானும் பேசினேன்.

பழகுவதற்குக் கோரைப்பாயைத் தண்ணீரில் ஊறவைத்து, மூங்கிலைச் சுற்றிக் கட்டி நிறுத்துவார்கள். அதை வெட்டினால் கழுத்தை வெட்டுகிற மாதிரியே இருக்குமாம். யாருக்கும் நிஜக் கழுத்துப் பழக்கம் இல்லாததால் நம்ப வேண்டியதுதான். ஸெய்ஜூரோ வீட்டில் பாய்கள் தீர்ந்தன. அக்கம்பக்கத்தில் தீர்ந்தன. யஹெய் வீட்டுப் பின்கட்டில் நிறையப் பாய் இருந்தது. அரசாங்க வேலை என்று சொல்லி அங்கேயே பழக உத்தரவு வாங்கிக்கொண்டார்.

இதற்குப் பிறகு நான் பார்த்ததை யாரிடமாவது சொன்னால் கேலி செய்கிறேன் என்பார்கள். தண்டனை பெற்றவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். அவரை வெட்டப் போகிறவர் முற்றத்தில் பாயை வெட்டுகிறார்.

"முழங்கையை மடக்காதடா ஸெய்ஜூ. தூண்டில் வீசறப்பவும் இதே தப்புதான் பண்ணுவே."

"வாயை மூடுறா. நீ பேசினா கை வழுக்குது."

"அன்னிக்கு நான் பேசத்தான் மாட்டேனே. அதனால இப்பவே பேசிக்கிறேன்."

யஹெய்யின் மனைவி ஓசே அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். தண்டனை நாளில் அவர் உடுத்த வேண்டிய வெள்ளை உடையைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கையில் ஊசியோடு எழுந்து வந்து கட்டி வைத்த பாயைச் சுற்றிப் பார்த்தாள்.

"தம்பி, கட்டு ரொம்பத் தடிமனா இருக்கு. அவர் கழுத்து இவ்வளவு இல்லை."

ஸெய்ஜூரோ வாளைத் தரையில் ஊன்றினார். "அளவு தெரியலை அண்ணி."

அவள் தைத்துக்கொண்டிருந்த உடையின் கழுத்துப் பகுதியை எடுத்துப் பாய்மேல் சுற்றிக் காட்டினாள். அந்த அளவுக்குப் பாயைக் குறைத்துக் கட்டினார்கள். அன்று மாலை முதல் தடவையாக ஒரே வீச்சில் பாய் இரண்டாயிற்று. யஹெய் கைதட்டினார். ஓசே உள்ளே போய் நெடுநேரம் வெளியே வரவில்லை. பிறகு அவர்கள் இருவருக்கும் சோறும் ஊறுகாய் முள்ளங்கியும் கொண்டுவந்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் தந்தாள்.

"மொசுகே, பிரபு எப்படி இருக்கார்?" என்றாள்.

"சரியில்லேன்னு பேசிக்கிறாங்க அம்மா. சாயங்காலமானா முன்மண்டபக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காராம். சாப்பாடும் இறங்கலையாம்."

"வெயில் இந்த வருஷம் போகவே மாட்டேங்குது" என்றாள் ஓசே. நானும் ஆமாம் என்றேன்.

மலைக்கோயில் குருவும் ஒரு தடவை வந்தார். இறந்தவருக்குக் கோயிலில் வைக்கும் புதுப்பெயர் எதுவாக இருக்கட்டும் என்று யஹெய்யிடமே ஆலோசித்துவிட்டுப் போனார்.

நிலாப் பண்டிகை வந்தது, போயிற்று. தண்டனை நாளில் எல்லாம் அச்சில் வார்த்தது போல நடந்தது. வெள்ளைத் திரை கட்டியிருந்தது. பாய்கள் விளிம்பு பார்த்துப் போட்டிருந்தன. யஹெய் நடந்து வந்து உட்கார்ந்தார். கத்தியிருந்த தட்டின் பக்கம் கை நீட்டியபோதே, கத்தி வயிற்றைத் தொடும் முன், ஸெய்ஜூரோவின் வாள் இறங்கியது. ஒரே வெட்டு. ஒரு சத்தம்கூட இல்லை. சாட்சிக்கு வந்திருந்த பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து மெல்லத் தலையசைத்தார்கள். திரைக்கு வெளியே கொந்தயூ, தன் பள்ளியில் ஸெய்ஜூரோ சிறுவயதில் கொஞ்ச நாள் படித்தவர் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே பிரபுவிடம் தகவல் சொல்ல ஹோரிகே போனார். பரிசு வாங்க ஸெய்ஜூரோவும் கூடப் போனார். நான் விளக்கோடு முற்றத்து மணலில் முழங்காலிட்டு இருந்தேன். முன்மண்டபக் கதவு திறந்துதான் இருந்தது.

ஹோரிகே நெடுநேரம் பேசினார். திரை, பாய், வாளின் கோணம், எடோவில்கூட இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை என்பது. பிரபு குறுக்கே பேசவில்லை. பேச்சு முடிந்த பிறகுதான் கேட்டார்.

"ஏன் யாரும் வரலை?"

"எங்க வரணும் பிரபு?"

"இங்க. என்கிட்ட. அவனுக்காகக் கேட்க."

குடுமியைத் தடவப் போன கையை ஹோரிகே இறக்கிக்கொண்டார்.

"சட்டம் முதல் பிரபு எழுதினது. நானா மன்னிச்சா எல்லாச் சட்டமும் போச்சும்பீங்க. ஆனா நீங்க வந்து விழுந்து கேட்டா விட்டுடலாம். எங்கப்பா காலத்துல அப்படித்தானே? அதுக்குத்தானே பண்டிகை வரைக்கும் தள்ளி வெச்சேன். தினமும் இங்கேயே உட்கார்ந்திருந்தேனே. நீங்க வருவீங்கன்னு நினைச்சேன். நீங்க வரலேன்னா கோயில் குருவாவது வருவார்னு நினைச்சேன்."

"நாங்க..." ஹோரிகேவின் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "நாங்க ஆள் தேடிக்கிட்டிருந்தோம் பிரபு."

பிரபு ஸெய்ஜூரோ பக்கம் திரும்பினார். "நீ அவனுக்கு யாரு?"

"சிநேகிதன்."

"உனக்குமா தோணலை?"

ஸெய்ஜூரோ நிமிரவே இல்லை.  "கை நடுங்கக் கூடாதுன்னு மட்டுந்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

பரிசுப் பட்டுத்துணி தட்டிலேயே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. யாரும் எடுத்து வைக்கவும் இல்லை.

ஸெய்ஜூரோ மாற்றல் கேட்டு மலைக்கணவாய்ச் சோதனைச் சாவடிக்குப் போய்விட்டார். அங்கே வழிப்போக்கர்களின் அனுமதிச் சீட்டைப் பார்த்துக் கையை அசைப்பாராம், பேசமாட்டாராம். ஓசே அண்ணன் வீட்டுக்குப் போனாள். மண்டபத்தில் நடந்த பேச்சு அவள் காதுக்குப் போகக் கூடாது என்று ஹோரிகே எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார். அவர் செய்ததிலேயே உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

உருப்படாததையும் செய்தார். இனி இப்படி நேரக் கூடாது என்று, 'மன்றாடும் அதிகாரி' என்று ஒரு பதவியை உண்டாக்கினார். வருஷச் சம்பளமும் ஓர் அலுவலக அறையும் அதற்கு உண்டு. யாருக்காவது மரண தண்டனை விதித்தால் அந்த அதிகாரி உடனே பிரபு காலில் விழுந்து மன்றாட வேண்டும். பதவி ஹோரிகேவின் தம்பி மகனுக்குப் போயிற்று. பையனுக்கு நல்ல குரல். ஆனால் யாருக்கும் தண்டனை வரவில்லை. குளவி புகுந்தாலும் இப்போதெல்லாம் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு கொட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

வேலை இல்லாவிட்டாலும் பயிற்சி வேண்டுமே. மாதம் ஒரு தடவை மண்டபத்தில் ஒத்திகை நடக்கும். மன்றாட வேண்டுமானால் யாருக்காக என்று ஓர் ஆள் உட்கார வேண்டும். அபசகுனம் என்று சாமுராய்கள் ஒருவரும் உட்காரவில்லை. காலாளுக்குச் சகுனம் ஏது? வெள்ளை உடையைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். பிரபுவின் இடத்தில் ஒரு மெத்தை மட்டும் கிடக்கும். தம்பி மகன் அதைப் பார்த்து, இவருடைய முன்னோர் எந்தெந்தப் போரில் இரத்தம் சிந்தினார்கள் என்று ஆரம்பித்து, இவர் பிள்ளைகளின் பசி வரைக்கும் அரை மணி நேரம் உருகுவான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்தாலும் சில சமயம் எனக்கே கண் கலங்கும்.

முதல் பனி விழுந்த நாளில் ஒத்திகை நடக்கும்போது பிரபு உள்ளே வந்தார். சொல்லி அனுப்பாமல், தனியாக. எல்லோரும் தரையில் விழுந்தோம். அவர் மெத்தையில் போய் உட்கார்ந்து, "நடத்துங்க" என்றார்.

தம்பி மகன் நெற்றியைப் பாயில் வைத்து ஆரம்பித்தான். "இந்த மனிதரின் பாட்டனாரின் பாட்டனார்..."

"விட்டுட்டேன்" என்றார் பிரபு.

தம்பி மகன் தலையைத் தூக்கினான். முதல் வாக்கியமே முடியவில்லை. ஒத்திகைப்படி மன்னிப்பு கடைசியில்தான் வர வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் பெரியப்பாவைப் பார்த்தான். ஹோரிகே தரையைப் பார்த்தார்.

"விட்டுட்டேன்னு சொல்றேன். போகச் சொல்லுங்க அவரை. வீட்டுக்குப் போகட்டும்." பிரபு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலாளை யாரும் அப்படி 'அவர்' என்று சொல்வதில்லை.

வெள்ளை உடையோடு எழுந்தேன். எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. ஒத்திகையில் இந்த இடத்துக்கு யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. கும்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தேன். பின்னால் தம்பி மகன், மிச்சப் பேச்சை என்ன செய்வதென்று தெரியாமல், பிள்ளைகளின் பசிக்கு வந்திருந்தான். பிரபு கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.