முதல் வரியோடு நின்றவர்கள்

முதலாளி கையில் காபிக் கோப்பையோடு வந்து சின்னவளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் அப்படி நின்றால் அந்த அலுவலகத்தில் எல்லோரும் தலையைக் குனிந்து திரைக்குள் புகுந்துகொள்வார்கள். உட்கார்ந்து பேசினால் நல்ல சேதி, நின்றுகொண்டு பேசினால் யாருக்கோ ஆப்பு.

"அந்தப் பூட்டை எடுத்துடலாம்னு பார்க்கிறேன்" என்றார்.

"எந்தப் பூட்டு சார்?" என்று கேட்டாளே தவிர, எது என்று அவளுக்குத் தெரியும். அங்கே இருந்தது ஒரே பூட்டு. அதைச் செய்தவளும் அவள்தான். சின்னவள் என்பது வீட்டில் இளையவள் என்பதால் வந்த பெயர். எப்படியோ அலுவலகத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவர்கள் நடத்திய சமூக வலைத்தளத்தின் பெயர் 'காதுகொடு'. மற்ற இடங்களில் எல்லாம் மனிதர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொள்கிறார்களே, யோசித்துப் பேச ஓர் இடம் வேண்டாமா என்று தொடங்கியது. யார் வேண்டுமானாலும் தன் யோசனையை எழுதலாம். பதில் எழுத வருகிறவருக்குத்தான் பூட்டு. முழுவதையும் படித்து, எழுதியவர் என்ன சொல்கிறார் என்று தன் சொந்த வார்த்தையில் ஒரு வரி திருப்பிச் சொல்ல வேண்டும். எழுதியவர் அதைப் பார்த்து 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று அழுத்தினால் பூட்டு திறக்கும். அதற்கப்புறம் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம், கிழித்துத் தோரணம் கட்டலாம்.

இதை அவள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. சின்ன வயதில் அவளும் அக்காவும் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு உருளும்போது அம்மா நடுவில் வந்து நிற்பாள். "அவ என்ன சொன்னான்னு முதல்ல நீ சொல்லு. அவ ஆமான்னு சொன்னா, அப்புறம் உன் கட்சியைப் பேசு" என்பாள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். பாதிச் சண்டை, எதிராளி சொல்லவே சொல்லாத ஒன்றுக்காகத்தான் நடந்திருக்கும். அந்த அக்கா இப்போது ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். சின்னவள் அவளோடுதான் இருக்கிறாள், தினமும் ரயிலேறி நகரத்துக்கு வேலைக்கு வருகிறாள்.

"பூட்டு இருக்கறதாலதான் சார் நம்ம இடம் வேற மாதிரி இருக்கு."

"வேற மாதிரிதான் இருக்கு. ஈ ஓட்டிக்கிட்டு இருக்கு. கோபத்தோட வர்றவனுக்குப் பரீட்சை வெச்சா அவன் நிப்பானா? பணம் போட்டவங்க என் கழுத்துல துண்டைப் போட்டு முறுக்கறாங்கம்மா. ஒரே ஒரு ஊர்ல, ஒரு வாரம் எடுத்துப் பார்ப்போம். நீ இருக்கற ஊர்லேயே எடு. என்ன நடக்குதுன்னு உனக்கும் கண்ணெதிர்ல தெரியும்."

அவள் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. ஒரு வாரம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தப்பு செய்யப்போகிற எல்லோரும் முதலில் சொல்லிக்கொள்கிற சமாதானம் அது.

பூட்டை எடுத்ததோடு அவள் கை நிற்கவில்லை. முதலாளி சொன்னபடியே முதல் வரியை மட்டும் பெரிதாகக் காட்டி, மீதியை 'மேலும்' என்ற ஒரு சொல்லுக்குள் மடித்து வைத்தாள். எழுதியவர் பெயர்கூட அந்த மடிப்புக்குள்தான். கீழே சிவந்த முகத்தோடு ஒரு பொம்மை. கோபம் வந்தால் அதை அழுத்தினால் போதும், வாயைத் திறக்கிற சிரமம்கூட இல்லை. வேலியே பயிரை மேய்வது என்பார்கள். இங்கே வேலி போட்டவளே கதவைத் திறந்து மாட்டை உள்ளே ஓட்டினாள்.

இரண்டு நாள் சும்மா இருந்தது. அடுத்த நாள் காலையில், எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டியபடி திரையில் படுத்துக்கிடந்த கோடு விருட்டென்று எழுந்தது. ஒரே ஒரு பதிவு. சின்னவளின் ஊரிலிருந்துதான். முதல் வரி திரையில் தெரிந்தது:

'இனி பிள்ளைகளைப் பாதி வழியிலேயே இறக்கிவிடலாம் என்று பார்க்கிறேன்.'

முதலாளி இந்த முறை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "பார்த்தியா? பார்த்தியா? எவ்வளவு பேரு! இதை மேல ஏத்து. ஊர் முழுக்க எல்லாரோட திரையிலயும் முதல்ல இதுதான் வரணும்."

"எங்க ஊர்ல எத்தனையோ வேன் ஓடுது. யாரோ அடாவடியான ஆளு போலிருக்கு சார்" என்று சிரித்துக்கொண்டே சின்னவள் அழுத்தினாள். அந்த வரிக்குக் கீழே 'மேலும்' என்ற சொல் இருந்தது. விரலுக்கு எட்டும் தூரம். அவள் கண் கோட்டின் மேல் இருந்தது. பூட்டைக் கண்டுபிடித்தவள், அம்மாவிடம் பாடம் படித்தவள், ஊருக்கெல்லாம் காது கொடுக்கச் சொன்னவள், அந்த ஒரு சொல்லைத் தொடவில்லை. எழுந்து சாப்பிடப் போய்விட்டாள்.

மாலையில் ரயில் இறங்கி வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது, வாசலில் வேனுக்குப் பக்கத்தில் அக்கா குந்தி உட்கார்ந்திருந்தாள். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து வேனின் பக்கவாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் வண்டியின் மேல் கறுப்புப் பெயின்டில் 'பிள்ளை பிடிக்கிறவள்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவள் தேய்த்ததில் 'பிள்ளை' மங்கியிருந்தது. 'பிடிக்கிறவள்' அப்படியே இருந்தது. முன்கண்ணாடியில் ஒரு கல் பட்ட விரிசல்.

"என்னக்கா இது? யார் பண்ணினது?"

"உன் ஆளுங்கதான்." அக்கா தலையைத் தூக்கவில்லை. "எவனோ என் பேரை மட்டும் பார்த்துக் கீழே எழுதிட்டான், ஊரெல்லாம் பரவிடுச்சு. சாயங்காலம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரப் போனேன். வேன்ல ஏத்தவே விடலை. ஒருத்தன் கதவைப் பிடிச்சு இழுத்து, பொம்பளையா நீன்னு கேட்டான். எத்தனை வருஷமா அவன் பொண்ணை என் பிள்ளை மாதிரி ஏத்தி இறக்கறேன், அவன் கேட்டான். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல கூட்டம். வேனை நிறுத்தறதைப் பத்தி."

சின்னவளுக்கு அப்போதுதான் காலையில் திரையில் பார்த்த வரி நினைவுக்கு வந்தது. "பாதி வழியிலே... அது நீ எழுதினதா?"

அக்காவின் கை நின்றது. எழுந்து நிமிர்ந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"உன் இடத்துல யோசிச்சு எழுதலாம், யாரும் கத்த மாட்டாங்க, முதல்ல படிப்பாங்கன்னு சொன்னே. அதை நம்பி எழுதினேன். நான் என்ன எழுதியிருந்தேன்? சொல்லு."

"அக்கா..."

"அம்மா கேக்கற மாதிரி கேக்கறேன். நான் என்ன சொன்னேன்? ஒரு வரி. உன் வார்த்தையிலேயே சொல்லு."

சின்னவள் கைப்பைக்குள் போனைத் தேடினாள்.

"நீயும் படிக்கலையாடி?" அக்காவின் குரல் உடைந்தது. உடைந்த வேகத்தில் துணியைத் தங்கையின் காலடியில் விட்டெறிந்தாள். "கல்லெறிஞ்சவனை மன்னிப்பேன். அவன் முட்டாள். நீ தெரிஞ்சவ!"

அந்தத் தெருவில், மண்ணெண்ணெய் நாற்றத்துக்கு நடுவில் நின்றபடி, சின்னவள் முதல்முறையாக 'மேலும்' என்பதைத் தொட்டாள். அக்கா எழுதியிருந்தது இவ்வளவுதான்.

'அவசரப்படாதீங்க, ஏன்னு சொல்கிறேன். காலையில் பள்ளிக்கூட வாசலில் காரும் பைக்கும் முட்டி மோதுகிறது. போன வாரம் பின்னால் வந்த காரின் சக்கரம் ஒரு குழந்தையின் பை மேல் ஏறிவிட்டது. பை தோளில் இல்லை, அதனால் குழந்தை பிழைத்தது. இனி பூங்காப் பக்கம் வேனை நிறுத்தி, எல்லாரையும் ஒரு நீளக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, நடைபாதை வழியாக நானே வாசல் வரை கூட்டிப்போகிறேன். கயிற்றின் முன்முனையை நான் பிடிப்பேன். பின்முனையைப் பிடிக்க ஒரு பெரியவர் வேண்டும். பெற்றோர் முறை வைத்து வருவீர்களா? சரிப்படாது என்றால் காரணம் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.'

மாற்றிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள் பாவி. கீழே ஆயிரக்கணக்கில் சிவந்த முகங்கள். ஒருவர்கூடக் கயிறு என்ற சொல்லை எழுதியிருக்கவில்லை. சின்னவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் மேல், முதலாளி மேல், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிரித்துக்கொண்டே அழுத்திய தன் விரல் மேல்.

மறுநாள் காலையில் வீட்டிலிருந்தபடியே கணினியைத் திறந்தாள். யாரையும் கேட்காமல் பூட்டைப் பழையபடி போட்டாள். சிவந்த முகத்தைத் துடைத்தெறிந்தாள். பிறகு அக்காவோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

கூட்டம் நடந்த அறை இரைச்சலில் அதிர்ந்தது. பெரிய டீச்சர் மேசையைத் தட்டித் தட்டிக் கை சிவந்துபோனதுதான் மிச்சம். முன்வரிசையில் கடிகாரக் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். வேன் கதவைப் பிடித்து இழுத்தவர் அவர்தான்.

"இதுல பேசறதுக்கு என்ன டீச்சர் இருக்கு? பிள்ளைங்களை நடுரோட்டுல விட்டுட்டுப் போறேன்னு தைரியமா எழுதறா. இவ கையில எப்படிக் குடுக்கறது?"

"ஐயா" என்று சின்னவள் எழுந்தாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அவ என்ன எழுதினான்னு சொல்லுங்க."

"அதான் சொன்னேனே."

"அது முதல் வரி. அதுலகூட நடுரோடுன்னு இல்லை, அது நீங்க சேர்த்தது. மீதியைச் சொல்லுங்க. கயிறு எதுக்கு?"

"எந்தக் கயிறு?"

"பை மேல சக்கரம் ஏறினது எந்த வாசல்ல?"

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் தரையைப் பார்த்தார்.

"சரி, அவரை விடுங்க. இங்க இவ்வளவு பேர் இருக்கீங்க. வண்டியில பெயின்ட் அடிக்க நேரம் இருந்துச்சு, கல்லெடுக்க நேரம் இருந்துச்சு. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், அவ என்ன சொன்னான்னு திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்!"

பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் மெல்ல எழுந்தாள். "நான் முழுசாப் படிச்சேன். பார்க் பக்கம் இறக்கி, கயிறு பிடிச்சு, அவங்களே வாசல் வரை நடத்திக் கூட்டிட்டு வர்றேன்னுதான் எழுதியிருந்தாங்க. நல்ல யோசனைன்னுதான் தோணுச்சு."

"அப்புறம் ஏம்மா சொல்லலை?"

"எல்லாரும் கோபமா அழுத்தறாங்களேன்னு நானும் அந்தப் பொம்மையை அழுத்திட்டேன்." சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்து முகத்தைக் குழந்தையின் தலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவளின் போன் அடித்தது. முதலாளி. அவள் எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி, மேசையின் மேல் வைத்தாள்.

"எங்கம்மா இருக்கே? நம்ம பதிவு திடீர்னு படுத்துடுச்சு. என்ன பண்ணினே?"

"சார், அந்தப் பதிவுல என்ன எழுதியிருக்கு?"

"என்ன எழுதியிருந்தா எனக்கென்ன? எவளோ ஒரு வேன்காரி ஏதோ எழுதியிருக்கா. அதுவா இப்ப முக்கியம்? ஜனங்க கொதிக்குது பாரு, அதுதான் நமக்குச் சோறு. திரும்ப ஏத்து."

அறையில் இருந்த ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாங்கள் யாருக்குச் சோறு என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

"ஏத்த மாட்டேன் சார். அந்த வேன்காரி என் அக்கா. பூட்டை நான் போட்டுட்டேன். எடுக்கணும்னா வேற ஆளைப் பார்த்துக்கோங்க." போனை அணைத்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "அவரைத் திட்டறதுக்கு முன்னாடி என்னைத் திட்டுங்க. இதை உங்க எல்லார் திரையிலயும் ஏத்திவிட்டது நான். நானும் முதல் வரியோட நின்னவதான்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரிய டீச்சர், "வேன் ஓடட்டும்" என்றார். சிலர் தலையாட்டினார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள். அவர்கள் பிள்ளைகள் இனி வேனில் ஏற மாட்டார்கள் என்பது அவர்கள் முதுகிலேயே தெரிந்தது. பொய் சேர்ந்த இடத்துக்கெல்லாம் உண்மை போய்ச் சேருவதில்லை.

வெளியே, அழியாத எழுத்தோடு வேன் நின்றது. அக்கா ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டபோது கடிகாரக் கடைக்காரர் ஜன்னலருகே வந்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"அந்தக் கயிறு... பின்முனையை யார் பிடிக்கறது?"

"திட்டினவங்கதான்" என்றாள் அக்கா. "நாளைக்குக் காலையில நேரத்தோட பார்க்குக்கு வந்துடுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். சின்னவள் தயங்கித் தயங்கிப் பக்கத்து இருக்கையில் ஏறினாள்.

"என்னை மன்னிச்சிடுக்கா."

"இன்னும் இல்லை." அக்கா வண்டியைக் கிளப்பினாள். விரிசல் விட்ட கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வேலை போனா போகட்டும், வேற இடத்துல அதே பூட்டைப் போடு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. பூட்டைக் கம்ப்யூட்டர்ல போட்டா பத்தாதுடி. அவங்கவங்க வாயில போடணும். அடுத்தவன் என்ன சொன்னான்னு திருப்பிச் சொல்லத் தெரியாதவனுக்கு, அவனைத் திட்டற உரிமை கிடையாது. படிக்காம அழுத்தற ஒவ்வொரு விரலும் கல்லெறியற கைதான். உன் விரலும் சேர்த்துத்தான்."